கணவாய் வைத்த வணக்கம்

1

நாங்கள் மூன்று பேரும் ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கியது ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. முதல் சில ஆண்டுகள் அந்த நாளுக்குக் கேசரி கிண்டினோம். பிறகு மனைவி சுமதிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி, எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை என்று கேசரி தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. இப்போது அந்த வாரக் கடைசியில் நானும் மகள் ஆதிரையும் காரெடுத்துக்கொண்டு அடிலெய்டிலிருந்து வடக்கே போகிறோம். அரை நாள் ஓட்டினால் ஒரு பாறைக் கரை வரும். குளிர்காலம் தொடங்கியதும் ராட்சதக் கணவாய்கள் முட்டையிட அங்கே ஒன்றுகூடும். உலகத்தில் வேறெங்கும் அவை இப்படித் திரண்டு வருவதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் நூலகத்தில் தேடிப் படித்தவரை அதற்கு மறுப்பு எதுவும் கிடைக்கவில்லை.

பூந்தமல்லியில் வளர்ந்த எனக்குக் கணவாய் என்றால் மீன்கடைத் தட்டில் வெள்ளையாக, வழவழவென்று கிடப்பது. கடைக்காரர் உள்ளிருக்கும் வெள்ளை ஓட்டை உருவி எடுத்துவிட்டுத் தருவார். வீட்டில் மிளகு போட்டு வறுப்பார்கள். அதற்கு ஒரு முகம் உண்டு என்று எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது.

முதல் முறை அந்தக் குளிர்ந்த நீரில் முகத்தை வைத்தபோது கீழே பாறைதான் தெரிந்தது. பிறகு அந்தப் பாறையின் ஒரு பகுதி என்னைப் பார்த்தது. கண்மணி ஆங்கில எழுத்து 'டபிள்யூ'வைப்போல் வளைந்திருந்தது. ஓரத்துத் துடுப்பு, பாவாடை விளிம்பு காற்றில் அலைவதுபோல் அலைந்தது. ஆதிரை மூன்று வயதில் இருந்த உயரம் இருக்கும் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முதுகில் கருமையும் வெண்மையுமாகப் பட்டைகள் ஓடின, மேகத்தின் நிழல் வயலைக் கடப்பதுபோல. மூச்சுக்குழாயைக் கடித்தபடி நான் எதையோ சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. கடல்நீர் மட்டும் நிறைய உள்ளே போயிற்று.

அதற்கு மூன்று இதயங்கள், ரத்தம் நீலம், இத்தனை நிறம் மாறும் அந்த உயிருக்கு நிறக்குருடு. இதையெல்லாம் பிறகு படித்தேன். படித்தும் வியப்பு குறையவில்லை.

2

நீருக்கடியில் படம் எடுக்க ஒழுங்கு உண்டு. தொடக் கூடாது, துரத்தக் கூடாது, அது போகும் வழியில் நிற்கக் கூடாது, கண்ணில் விளக்கடிக்கக் கூடாது. நாம் ஓரிடத்தில் மிதந்துகொண்டிருக்க வேண்டும். விருப்பம் இருந்தால் அது வரும், இல்லாவிட்டால் வராது. வராத நாள்தான் அதிகம். என்னிடம் இருக்கும் வீடியோத் துண்டுகளில் பெரும்பாலானவை பாசி அசைவதும் மணல் நகர்வதும்தான். எல்லாவற்றுக்கும் நாள், காற்றின் திசை, நீரின் தெளிவு எல்லாம் எழுதிக் கோப்பாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் வெட்டிச் சேர்க்க எனக்கு வராது. ஒவ்வொரு நொடியும் முக்கியமாகத் தோன்றும்.

வெட்டுவது டில்லிபாபு. குமணன்சாவடியில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவன். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோவேன். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் அவன் கடை சும்மா இருக்கும். திரும்பும்போது சுமதியும் நானும் பார்க்க, உறவினர்களுக்கு அனுப்ப, ஒரு அழகான படம் கையில் இருக்கும்.

சென்ற டிசம்பரில் விஷயம் வேறு. ஆதிரைக்குப் பதினாறு முடிந்திருந்தது. அந்தப் பாறைக் கரையைக் கண்காணிக்கும் தன்னார்வக் குழுவில் சேரப் பதினாறு வயது போதும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் இளையவர் ஒருவரை மட்டும் எடுப்பார்கள். விண்ணப்பத்துடன் ஒரு சிறு படம் கேட்டிருந்தார்கள். விலங்கு அழகாகத் தெரிகிறதா என்று பார்க்க அல்ல. விலங்கின் பக்கத்தில் விண்ணப்பிப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க. ஆதிரை பள்ளியில் எதற்கும் கை தூக்காத பெண். வீட்டில் எங்களோடு பேசுவதே குறைந்துவிட்டது, கதவு சாத்தியிருக்கும். இந்த ஒன்றைத்தான் அவளாகவே வந்து, "அப்பா, எனக்கு இது வேணும்" என்று கேட்டாள். ஜூலையில் மூன்று நாள் அவளை நீரில் வைத்துப் படமெடுத்தேன். படம் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள், நாங்கள் சென்னையில் இருக்கப்போகும் வாரத்திலேயே விழுந்தது.

3

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேமராவின் நீர்புகாப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது, குக்கரா?"

"தண்ணிக்குள்ள படம் எடுக்கிற கேமராவோட கூடு, சார்."

"யாரைப் படம் எடுப்பீங்க?"

"கணவாயை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆதிரையைப் பார்த்தார். "பாப்பா, அப்பா நிஜமாவா சொல்றாரு?"

ஆதிரை தனக்குத் தெரிந்த தமிழில், "ஆமா சார், அவங்க ரொம்ப நல்லவங்க" என்றாள். கணவாய்களைத்தான் சொன்னாள். யாராக இருந்தாலும் மரியாதையாகப் பேசு என்று சின்ன வயதில் சுமதி கற்றுக்கொடுத்ததை எல்லா உயிருக்கும் பொதுவாக்கிக்கொண்டவள். அதிகாரி சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

ஐயப்பன்தாங்கலில் அக்கா வீட்டில் தங்கினோம். மறுநாளே டிஸ்க்கை டில்லியிடம் கொடுத்தேன். நான்காம் நாள் காலை ஃபோன்.

"மச்சான், பொண்ண இட்டுக்கினு வா. பாத்தா அழுதுடுவ. சொல்லிட்டேன்."

4

டில்லியின் ஸ்டுடியோ செல்ஃபோன் கடைக்கு மேலே, முதல் மாடியில். ஜன்னலைத் திறந்தால் மெட்ரோ தூணும் பஸ் ஹாரனும். சுவரெல்லாம் மாலையும் கழுத்துமாகச் சிரிக்கும் ஜோடிகள். நாங்கள் போனபோது வானகரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், மகனின் கல்யாண வீடியோவைச் சரிபார்க்க. டில்லி எங்களைக் கண்டதும் அவர் மகனின் கல்யாணத்தை நிறுத்திவிட்டுக் கடலை ஓடவிட்டான்.

"இன்னா தம்பி, கண்ணால வீடியோ கேட்டா மீன் கடைய காட்டுற?"

"யக்கா, கொஞ்ச நேரம் குந்து. காசு குடுத்தாலும் பாக்க முடியாது இத்த."

"கணவாயா இது? இம்மாம் பெருசா? ஒரு பந்திக்கே ஆக்கலாம் போல கீதே!"

ஆதிரை சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த அம்மா, "சும்மா சொன்னேன் கண்ணு" என்று அவள் முதுகைத் தட்டினார்.

படம் நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. வீணை இசை. பாசிக்காட்டுக்கு நடுவில் ஆதிரை கைகளை மார்போடு சேர்த்து அசையாமல் மிதக்கிறாள். தூரத்தில் ஒரு கணவாய், இளம் பழுப்பு நிறத்தில், பட்டைகள் மெதுவாக ஓட நிற்கிறது. அது அவளை நோக்கி வருகிறது, அவளும் உள்ளங்கைகளால் மெல்ல நீரைத் தள்ளி அதை நோக்கி நகர்கிறாள். நேராக, தலையை முன்னால் வைத்து, நெருங்கி நெருங்கி வருகிறது. ஒரு கை தூரத்தில் நின்று, முன்னால் இருக்கும் இரண்டு கைகளையும் உயரத் தூக்குகிறது. அங்கே டில்லி படத்தை மெதுவாக்கியிருந்தான்.

"பாத்தியா? பாத்தியா? வந்து நின்னு வணக்கம் வெக்குது பாரு!"

"அய்யே, ஆமாம்பா! கும்புடுது!" என்று அந்த அம்மாவும் பதிலுக்குக் கைகூப்பினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது உண்மை. பக்கவாட்டில் கேமராவோடு இருந்தவன் நான்தான். ஆனாலும் மூன்று நாளில் எடுத்த நூற்றுக்கணக்கான துண்டுகளில் இது எது என்று அப்போது எனக்கு நினைவில்லை. இப்படி நடந்திருக்கிறது என்று நம்புவது மிகச் சுலபமாக இருந்தது.

"அங்கிள், இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள் ஆதிரை.

போட்டான். அவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

"அவங்க இப்படி வரல."

"எவங்கம்மா?"

"அவங்க." கணவாயைக் காட்டினாள்.

"கணவாய்க்கு அவங்க இவங்கன்னு மரியாதையா! எங்க ஊட்டுல எனக்கே கெடைக்கறது இல்ல" என்று டில்லி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஸ்கின் பாருங்க அங்கிள். தூரத்துல இருக்கும்போது ஸ்மூத்தா இருக்கு. கிட்ட வர வர முள்ளு முள்ளா ஆகுது, கறுப்பா ஆகுது. அது பயம். கை தூக்கறது வணக்கம் இல்ல. வராதேன்னு சொல்றாங்க. என்னை வராதேன்னு சொல்றவங்க, என்கிட்ட ஏன் வருவாங்க?"

டில்லி பின்மண்டையைச் சொறிந்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான், அவளைப் பார்க்காமல்.

"திருப்பிப் போட்டேன் மச்சான். அது பின்னால போயிக்கினே கீது. பின்னால போறதுக்குப் பேரு என்ட்ரியா? கண்ணாலத்துல அச்சதை போடறத திருப்பி ஓட்டுனா, தலையில வுழுந்த அரிசியெல்லாம் எழும்பிப் பெரியவங்க கைக்கே போயி சேரும். எல்லாரும் கை தட்டுவாங்க. அத்த மாதிரிதான் இத்தயும் பண்ணேன். தப்பா?"

கணவாய் பின்வாங்கும்போது முதுகைக் காட்டாது. அச்சம் தருவதை நேருக்கு நேர் பார்த்தபடியே, நீரை முன்னால் பீய்ச்சி, வால் பக்கமாகப் பின்னால் போகும். அதனால்தான் திருப்பி ஓட்டினால் அது தலையை முன்னால் வைத்து வருவதுபோல் தெரிகிறது. வேறு எந்த மீனாக இருந்தாலும் வால் முன்னால் வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். கல்யாண வீடியோக்காரன் ஒருவனும் கணவாயும் சந்தித்தால்தான் நடக்கக்கூடிய பிழை இது.

5

மறுநாளைக்குள் படம் போயாக வேண்டும். வேறு நல்ல துண்டு இல்லை; மற்றதிலெல்லாம் ஆதிரை ஒரு மூலையிலும் கணவாய் ஒரு மூலையிலுமாக இருந்தார்கள். நான் அதைச் சொன்னேன்.

"அப்ப அனுப்ப வேணாம்" என்றாள்.

"ஆதிரை, நீ எவ்வளவு ஆசைப்பட்டே."

"அதனாலதான்."

டில்லி குரலைத் தணித்து, "யாருக்கும்மா தெரியப் போவுது?" என்றான்.

"அவங்களுக்குத் தெரியும்." மறுபடியும் திரையைக் காட்டினாள்.

"அதுவா வந்து பாக்கப் போவுது?"

"இல்ல. அவங்க எல்லாரும் செத்துட்டாங்க."

நான்தான் விளக்கினேன். அந்தக் கணவாய்களின் ஆயுளே ஓரிரு ஆண்டுகள்தான். ஒரே ஒரு குளிர்காலம் அந்தக் கரைக்கு வரும், இணை சேரும், பாறையின் அடியில் முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டும், வசந்தம் வருவதற்குள் இறந்துவிடும். நாங்கள் ஜூலையில் படமெடுத்தவற்றில் ஒன்றுகூட இந்த டிசம்பரில் இருக்க வாய்ப்பில்லை. கரையெங்கும் அவற்றின் வெள்ளை ஓடுகள் ஒதுங்கிக் கிடக்கும்.

டில்லி மவுஸின் மேல் கையை வைத்தான்.

"அப்டீன்னா, அது சாவறதுக்கு முன்னாடி சொன்னத நான் திருப்பிப் போட்டு கீறேன்."

அந்த அம்மாவிடம் திரும்பினான். "யக்கா, உன் புள்ள கண்ணாலத்த நாளைக்கிப் பாக்கலாமா?" என்றான். அந்த அம்மா, "என் புள்ள எங்கயும் ஓடிட மாட்டான். நீ இத்த மொதல்ல பாரு" என்று நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டில்லி வீணையை எடுத்துவிட்டான். மெதுவாக்கியதை எடுத்துவிட்டான். துண்டை நேராக்கி ஓடவிட்டான். இசை போனதும் கடலின் சத்தம் கேட்டது: ஆதிரையின் மூச்சு, அதற்கு அடியில் விடாமல் ஒரு சடசடப்பு.

"இது இன்னாமா சத்தம்? எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி கீது."

"சின்ன இறால் அங்கிள். கையை டப்புனு மூடுவாங்க. கடல் ஃபுல்லா அந்தச் சத்தம்தான்."

"இத்தப் போயி மூடி வெச்சேனே" என்றான்.

நேராக ஓடும் படத்தில் நடந்தது இது. ஆதிரை அசையாமல் மிதக்கிறாள். ஓர் அலை அவளைத் தூக்கி முன்னால் தள்ளுகிறது. அவள் நினைத்ததைவிட அருகில் கொண்டுபோய் விடுகிறது. கணவாய் கறுக்கிறது. தோலெல்லாம் குத்திட்டு நிற்கிறது. இரண்டு கைகளும் மேலே எழுகின்றன. ஆதிரை காலை உதைக்கவில்லை. உள்ளங்கைகளை மட்டும் மெல்ல நீரில் தள்ளி, ஒரு முழம், பின் இன்னொரு முழம் பின்னால் போகிறாள். அதுவும் பார்த்தபடியே பின்னால் போகிறது. இருவருக்கும் இடையில் தண்ணீர் அகலமாகிறது. அப்போது முதலில் அந்தக் கைகள் தணிகின்றன. பிறகு முள் முள்ளாக நின்ற தோல் படிகிறது. கறுப்பு வடிந்து, பழுப்பு வந்து, அதன்மேல் அந்த மேக நிழல் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன. அது போய்விடவில்லை. அங்கேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜூலையில் இது என் கண்ணெதிரேதான் நடந்தது. கேமராவின் சின்னத் திரையில் குவியத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததில் இதைப் பார்க்கவே இல்லை.

"அடங்கிடுச்சு பாரேன்" என்றார் அந்த அம்மா மெதுவாக. "நம்ம புள்ள வெலகுனதும் அடங்கிடுச்சு. இன்னா அறிவு!"

டில்லி மறுபடி ஓட்டினான். மறுபடியும். கீழே பஸ் ஒன்று நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆயிரம் கல்யாணங்களை வெட்டியவன், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், நா எல்லாத்தையும் கிட்ட கிட்டன்னுதான் வெட்டுவேன். மூஞ்சிக்கிக் கிட்ட போ, தாலிக்கிக் கிட்ட போ. தூரமா போறதுல இவ்ளோ கீதுன்னு இன்னிக்கிதான் பாக்குறேன்." பிறகு ஆதிரையிடம், "என்ட்ரியே வேணாம்மா. இத்த எங்கயும் வெட்டாம வெச்சிக்கலாமா?" என்று கேட்டான். அவளிடம் அவன் அனுமதி கேட்டது அதுதான் முதல் முறை.

அவன் படத்தில் சேர்த்தது இரண்டே வரி எழுத்து. "அலை என்னைத் தள்ளியது. நான் விலகினேன்." அதையும் ஆதிரைதான் சொன்னாள். மாலையில் அவன் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பினோம். பாதி ஏறியபோது இணையம் அறுந்து, அந்த வானகரத்து அம்மா தன் ஃபோனிலிருந்து இணைப்புக் கொடுத்தார்.

6

பிப்ரவரியில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். குழுவை நடத்தும் பெண்மணி வயதானவர், அந்தக் கடலில் பல்லாண்டுகள் இறங்கியவர். நான் வெளியே வராந்தாவில் காத்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: நீ தவறுதலாக மிகவும் அருகில் போய்விட்ட துண்டை ஏன் அனுப்பினாய், நன்றாக நடந்துகொண்ட துண்டு எதுவும் இல்லையா?

ஆதிரை சொன்னாள்: "அவர்கள் என்னிடம் பேசியது அந்தத் துண்டில் மட்டும்தான்."

அவளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு காகிதம் வந்தது. பெற்றோர் சம்மதம், அவசரத் தொடர்பு, எல்லாவற்றுக்கும் கீழே தடித்த எழுத்தில், பணி நடக்கும்போது குடும்பத்தினர் நீரில் இறங்கக் கூடாது. கையெழுத்திடுவதற்கு முன் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

இந்த ஜூனில், நாங்கள் வந்திறங்கிய நாளை ஒட்டிய சனிக்கிழமை, அவளைக் கொண்டுபோய் விட்டேன். காரை நிறுத்தியதும் நான் பழக்கத்தில் கேமராப் பெட்டியை எடுக்கப் போனேன். அவள் துடுப்புக் காலணியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். பெட்டியை உள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

அன்று மாலை டில்லியின் குரல்பதிவு வந்தது. "இன்னா மச்சான், புதுசா ஒண்ணும் அனுப்பல? கடை சும்மாதான் கீது."

கூப்பிட்டேன். "எடுக்கலடா. கரையில நின்னுட்டேன்."

"காமிரா இல்லாமயா? அப்போ இன்னாதான் பாத்த?"

பார்த்ததைச் சொன்னேன். கரையிலிருந்து பார்த்தால் கடல் சாம்பல் நிறத்தில் ஒரு தகடுபோல இருந்தது. அதன் நடுவில் அவளுடைய மூச்சுக்குழாயின் ஆரஞ்சு நுனி மட்டும் தெரிந்தது. அது வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது. காற்று என் காதைக் குத்தியது, விரல் மரத்துப்போனது. ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு கணம் நான் தண்ணீரை நோக்கி நடந்துகூடப் போனேன். அப்போது அந்த நுனி மெல்ல, மிக மெல்ல, ஒரு முழம் பின்னால் வந்தது. அங்கே மறுபடி நின்றது.

"அவ்ளோதானா?" என்றான் டில்லி.

"அவ்வளவுதான்."

ஃபோனில் குமணன்சாவடியின் ஹாரன் சத்தம் கேட்டது. "அந்த நேரத்துல கீழ நெறம் மாறி இருக்கும், மச்சான்" என்றான்.